குவாங்சோ விருந்தில் சைவமும் மது மறுப்பும்

வணக்கம். சீனாவின் குவாங்சோ நகரில் சப்ளையர் இரவு விருந்துக்கு அழைத்திருக்கிறார், நீங்கள் சைவம், மதுவும் தொடுவதில்லை, மறுத்தால் மரியாதைக் குறைவாகுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஆனால் மேஜையில் உட்கார்ந்தபிறகு சொல்லாதீர்கள். இரண்டு நாள் முன்பே செய்தி அனுப்பிவிடுங்கள். என்ன சாப்பாடு என்று முடிவு செய்வதும் பணம் கொடுப்பதும் அழைத்தவர் பொறுப்பு. கடைசி நேரத்தில் தெரிந்தால் அவருக்குத்தான் சங்கடம்.

சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே கீரை வதக்கலில்கூட சிப்பி சாஸ் ஊற்றுவது சகஜம், காய்கறி சூப்புக்கு எலும்புச் சாறு சேர்ப்பார்கள். இறைச்சி, மீன், முட்டை, பன்றிக்கொழுப்பு, சிப்பி சாஸ், எலும்புச் சாறு எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுவுக்குப் பதில் தேநீர்க் கோப்பையை உயர்த்தலாம். மூத்தவரோடு கோப்பையை மோதும்போது உங்களுடைய விளிம்பு சற்றுத் தாழ்வாக இருக்கட்டும்; என் அனுபவத்தில் அவர்கள் கவனிப்பது அந்தப் பணிவைத்தான். யாராவது தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையை மெல்லத் தட்டுங்கள், குவாங்சோ இருக்கும் குவாங்டாங் மாகாணத்தில் அது நன்றி சொல்வது. கதவைப் பார்த்த நாற்காலி முக்கியமானவருக்கு. காட்டும் இடத்தில் உட்காருங்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தாதீர்கள், இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றுவதுபோல் தெரியும்.

பரிசாகக் கடிகாரம் வேண்டாம். இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் கொடுங்கள். முதலில் மறுத்தால் மறுபடி நீட்டுங்கள். அப்புறம், அங்கே போனில் பணம் கட்டும் செயலியான அலிபேயில் உங்கள் கார்டை ஊரிலேயே சேர்த்துவிடுங்கள்.