ஹாக்கி ஆடுற பையனோட அம்மாவுக்கு, மண்டபத்துக்கு

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். "இந்தியா டீமுக்குப் போகலைன்னா இவன் நடுத்தெருவுல நிப்பானா"ன்னு கேட்டீங்க. இந்தியா டீமுக்கும் நடுத்தெருவுக்கும் நடுவுல நெறைய படி இருக்குக்கா, அதப் பத்தி யாரும் உங்களுக்குச் சொல்லல, அதான் இந்தப் பயம்.

மேல் படி கஷ்டந்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒலிம்பிக்குக்குப் போறது 16 பேரு, பெங்களூருல சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) நடத்துற இந்தியா டீம் கேம்ப்புக்கு மொத்த நாட்டுலயும் கூப்பிடுறதே முப்பது நாப்பது பேரத்தான். ஆனா ஸ்டேட் டீம்ல ஆடி நேஷனல்ஸ் போனாலே ரயில்வே, ஆர்மி, போலீஸ், இன்கம்டாக்ஸ்னு ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு, நம்ம தமிழ்நாட்டு அரசு வேலையிலயும் விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம் இருக்கு.

இதுல ஒன்ன மட்டும் மறக்காதீங்க. மெடலும் சர்டிஃபிகேட்டும் மட்டும் போதாது, ஃபார்ம்னு ஒன்னு கேப்பாங்க, எந்தப் போட்டியில ஆடினான்னு உறுதி பண்ணிக் கையெழுத்துப் போட்டுத் தர்ற தாள் அது. இன்டர்நேஷனலுக்கு ஃபார்ம் 1, நேஷனல்ஸுக்கு 2, யுனிவர்சிட்டிக்கு 3, ஸ்கூல் நேஷனல்ஸுக்கு 4. எங்கிட்ட ஒரு பையன் வந்தான், பாலிதீன் பைக்குள்ள ஏழெட்டு சர்டிஃபிகேட், கடல் காத்துல ஓரமெல்லாம் நமத்துப் போயிருந்துச்சு, நேஷனல்ஸ் ஆடினவன், ஆனா ஃபார்ம் 2 வாங்கவே இல்ல, நாலு வருஷம் கழிச்சு கையெழுத்துக்கு அலையுறான். எனக்கு மனசே ஆறல. தம்பி எங்க ஆடிட்டு வந்தாலும் அந்த மாசமே ஃபார்ம வாங்கி லேமினேட் பண்ணாம ஃபைல்ல வைங்க.

அடுத்தது டர்ஃப், அதாவது செயற்கைப் புல் தரை. நம்ம பக்கம் மண்ணுல ஆடுற பிள்ளைங்க பந்து துள்ளும்னு நிமிந்தே நின்னு பழகிடுறாங்க, தண்ணி தெளிச்ச டர்ஃப்ல பந்து தரையோட தரையா சீறிக்கிட்டு வரும், முட்டி மடக்கிக் குனியலைன்னா கடந்து போயிரும். இந்தப் பழக்கத்த இருவது வயசுல மாத்துறது ரொம்பக் கஷ்டம். அதனாலதான் எஸ்டிஏடி (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) ஹாஸ்டல் செலக்‌ஷனுக்கு இப்பவே அனுப்பச் சொல்றேன். சாப்பாடு, தங்குறது, ஸ்கூல், கோச்சிங் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. கோவில்பட்டி ஹாஸ்டல்ல பழகின கார்த்தி செல்வம் அரியலூர்க்காரப் பையன், ஊர விட்டு வந்து அங்க தங்கித்தான் ஆடினாரு, 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோட வந்தாரு, கூடவே கோவில்பட்டி மாரீஸ்வரனும்.

படிப்ப விட்டுராதீங்க. கோட்டா வேலைக்கும் பன்னெண்டாவது, டிகிரின்னு கேப்பாங்க, ஒரு முட்டிக் காயம் போதும் ரெண்டு சீசன் போயிரும்.

செலக்‌ஷன் பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்குல வரும். ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், உங்க வீட்டுக்கார அண்ணன் கடலுக்குப் போகாம வீட்லதான இருப்பாரு, அவரே கூட்டிட்டுப் போகட்டும். அவர் ஹாஸ்டல் வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் கோவம் இல்லக்கா, பிள்ளைய விட்டுப் பிரியணுமேன்னுதான். சாயல்குடி, விளாத்திகுளம் வழியா கோவில்பட்டிக்கு ஒரு தடவ போயி அந்தப் பிள்ளைங்க காலையில ஆடுறத அவர் கண்ணால பாக்கட்டும்.

பர்த் சர்டிஃபிகேட்ல இருக்குற தேதியும் ஆதார்ல இருக்குறதும் ஒன்னா இருக்கான்னு இன்னைக்கே பாத்துச் சொல்லுங்க.