வளாகத்தில் வேலை, அங்கேயே முதுநிலை: சமூகப்பணி கேள்வி பதில்

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தங்கை: அக்கா, நான்காண்டு சமூகப்பணிப் பட்டம் முடித்துவிட்டேன். முதுநிலைக்கு என்எஸ்ஃபாஸ் (தென்னாப்பிரிக்க அரசின் மாணவர் நிதியுதவித் திட்டம்) உதவுமா?

உதவாதும்மா, முதுநிலைக்கு அங்கே பணம் இல்லை. ஆனால் உன் பட்டத்தின் படிப்பளவு 480 கிரெடிட், நாட்டின் கல்வித் தகுதி வரிசையில் அது எட்டாம் நிலை. ஹானர்ஸ் என்ற இடைநிலைப் பட்டத்தைத் தனியாகப் படிக்காமல் நேரே முதுநிலைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணத்துக்கு வழி, பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து பணியாளர் கட்டணச் சலுகை வாங்குவது. மாணவர் நலப்பிரிவு, விடுதி, எச்ஐவி ஆதரவுப் பிரிவு ஆகிய இடங்களின் வேலை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே இரு. படித்தது வீணாகாது.

ஃபீனிக்ஸ்: என் வேலை ஏற்கெனவே வளாகத்தில்தான். எனக்குச் சலுகை உண்டா?

சம்பளச் சீட்டை எடுத்து, மேலே யார் பெயர் அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தக் கம்பெனியின் பெயர் இருந்தால் பல்கலைக்கழகத்தின் சலுகை உங்களைச் சேராது. பல்கலைக்கழகத்தின் பெயரே இருந்தாலும் நிரந்தரப் பணியா, குறித்த காலத்துக்கான பணியா என்று கேளுங்கள். தகுதிகாண் காலம் முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. மனிதவளப் பிரிவில் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். சலுகை விதியை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை விழுக்காடு, பதிவுக் கட்டணம் சேருமா, தோற்றால் என்ன, படித்து முடித்தபின் எத்தனை வருஷம் வேலையில் இருக்கவேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கவேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: சலுகைக்கு வரி பிடித்துவிட்டார்கள், ஏன்?

பெரும்பாலும் ஒரு கையெழுத்து விடுபட்டதால்தான். "படிப்பை முடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று பணியாளர் ஒப்புக்கொண்டால்தான் வருமான வரிச் சட்டத்தின் 10(1)(q) பிரிவு விலக்கு தரும். மரணம், நோய், காயம் காரணமாகப் படிப்பு நின்றால் திருப்பித் தரவேண்டியதில்லை. இந்த ஒப்புதல் இல்லையென்றால் கட்டணம் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். கட்டணம் 40,000 ரேண்ட், உங்கள் வரி விகிதம் 26 விழுக்காடு என்றால் 10,400 ரேண்ட் போய்விடும். பதிவு செய்யும் முன்பே படிவத்தில் கையெழுத்திடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

லெனேசியா: வேலையோடு சமாளிக்க முடியுமா அண்ணி?

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதுநிலை குறைந்தது 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம், ஆக 1,800 மணி நேரம். இரண்டு வருஷத்தில் முடிக்க வாரம் 17 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். மூன்று வருஷமாக நீட்டினால் 12க்குள் அடங்கும். அதனால் சலுகை எத்தனை வருஷம் தொடரும் என்பதை முதலிலேயே கேளுங்கள். பலருக்கு ஆய்வேடு எழுதும் வருஷத்தில்தான் சலுகை தீர்ந்து, கையிலிருந்து கட்ட நேர்கிறது. படிப்பு விடுப்பைத் தொழிற்சட்டம் கட்டாயமாக்கவில்லை. அது மேலதிகாரியின் மனம், நிறுவனத்தின் விதி. சேரும் முன்பே தேர்வு நாட்களைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

டர்பன்: நான் உதவி செய்யும் மாணவர்களிடமே ஆய்வுக்குப் பேட்டி எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் உதவியை நம்பி இருப்பவர் உங்களிடம் "மாட்டேன்" என்று எப்படிச் சொல்வார்? ஆய்வுக்கு அனுமதி தரும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு இதைத்தான் முதலில் கேட்கும். வேறு வளாகத்தையோ வேறொரு அமைப்பையோ தேர்ந்தெடுத்து, அங்குள்ள பொறுப்பாளரிடம் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். அதற்கே பல வாரம் இழுக்கும், ஆகவே ஆய்வுத் திட்டம் எழுதும்போதே கேட்டுவிடுங்கள். நெறிமுறை அனுமதி வருமுன் ஒரு பேட்டிகூட எடுக்காதீர்கள். முன்பே எடுத்தது எவ்வளவு நல்ல பேட்டியானாலும் ஆய்வேட்டில் சேர்க்க முடியாது.