நின்ற வண்டியில்தான் விழுகிறோம்: சைடு வீல் ஸ்கூட்டரில் ஏறி இறங்குவது பற்றிக் கேள்வி பதில்

இரண்டு வயதில் போலியோ வந்து எனக்கு வலது கால் போனது. இருபது வருடமாக சைடு வீல், அதாவது பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம், பொருத்திய ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறேன். இதுவரை நான்கு முறை விழுந்திருக்கிறேன். ஒன்றுகூட சாலையில் ஓட்டிக்கொண்டு போகும்போது இல்லை. எல்லாமே ஏறும்போது, இல்லை இறங்கும்போது. அதனால் புதிதாக வண்டி வாங்கியவர்கள் யார் வந்தாலும், "ஓட்டுவதைப் பிறகு பார்ப்போம், முதலில் பத்து தடவை ஏறி இறங்குங்கள்" என்பேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் போன மாதம்தான் கைக்கு வந்தது. சைடு வீல் இருப்பதால் ஸ்டாண்டே வேண்டாம் என்றார்கள். ஆனால் ஏறுவதற்காக சீட்டில் கை ஊன்றினால் வண்டி நகர்ந்துவிடுகிறது. (தென்காசி)

தம்பி, சைடு வீல் இருந்தால் வண்டி பக்கவாட்டில் சாயாது. அவ்வளவுதான். முன்னும் பின்னும் உருளத்தான் செய்யும். கியர் பைக்கை முதல் கியரில் போட்டு நிறுத்தலாம். ஸ்கூட்டரில் அதற்கு வழியில்லை. இன்ஜின் நின்றதும் கிளட்ச் தானாக விட்டுவிடும், பின் சக்கரம் சும்மா சுற்றும். கண்ணுக்குத் தெரியாத சரிவு இருந்தாலே போதும்.

அதனால் பின் பிரேக்கைக் கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. சில ஸ்கூட்டர்களில் இடது லீவரிலேயே ஒரு சின்னக் கொக்கி உண்டு. உங்கள் வண்டியில் இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி இடது கைப்பிடியில் மாட்டி வையுங்கள். வண்டியை நிறுத்தியதும் லீவரை முழுக்க அழுத்திப் பிடித்து, வளையத்தை அதன் மேல் இழுத்துவிடுங்கள். என் வண்டியில் அதுதான் இருக்கிறது. வெயிலில் ரப்பர் வெடிப்பு விட்டுவிடும், அதைப் பார்த்துப் பார்த்து மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சைடு வீல்களுக்குப் பிரேக் கிடையாது, நடுச் சக்கரத்துக்கு மட்டும்தான். நடுச் சக்கரம் ஒரு குழிக்கு மேலே நின்றால், இரண்டு சைடு வீலும் வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நடுச் சக்கரம் தரையைத் தொடாது. அப்போது பிரேக்கை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பயனில்லை. நிறுத்தியதும் உட்கார்ந்தபடியே உடம்பை முன்னும் பின்னும் ஒரு தடவை உலுக்கிப் பாருங்கள். அசைந்தால் இரண்டடி தள்ளி நிறுத்துங்கள்.

கேள்வி: எனக்கு இடது காலில் காலிப்பர் (காலை நேராகத் தாங்கும் சட்டம்), கையில் இரண்டு ஊன்றுகட்டை. எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது? கட்டையை எப்போது விடுவது? (விருதுநகர்)

இடது பக்கம். நம் ஊரில் இடது ஓரமாகத்தான் நிறுத்துவோம், அதனால் போகிற வருகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டியதில்லை. சைலன்சரும் வலது பக்கம் இருக்கிறது.

சைடு வீலுக்கு முன்னால், ஃபுட்போர்டு தொடங்கும் இடத்தில் வண்டிக்கு முதுகு காட்டி நில்லுங்கள். சீட்டின் விளிம்பு தொடையில் படும்வரை பின்னால் வாருங்கள். இடது கைக் கட்டையை வண்டியின் கிளிப்பில் மாட்டிவிட்டு, அந்தக் கையை சீட்டில் ஊன்றுங்கள். வலது கைக் கட்டை, நீங்கள் முழுசாக உட்கார்ந்த பிறகுதான் கையை விட்டுப் போக வேண்டும். பெஞ்சில் உட்காருவது போல முதலில் பக்கவாட்டில் உட்காருங்கள். அப்புறம் காலிப்பரின் முட்டி லாக்கை எடுங்கள். வலது காலை ஃபுட்போர்டின் அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டு, இடது காலை முட்டிக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி வையுங்கள். பேன்ட் துணியைப் பிடித்துத் தூக்காதீர்கள்; துணி வழுக்கினால் கால் ஃபுட்போர்டின் விளிம்பில் போய் இடிக்கும்.

இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். எழுந்து நிற்கும் முன் லாக் "டக்" என்று விழுவது காதில் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் கையால் தட்டிப் பாருங்கள்.

கேள்வி: கடையில் சாமான் வாங்க ஒரு நிமிடம் இறங்குவதற்கும் சாவியை எடுக்க வேண்டுமா? (கோவில்பட்டி)

கட்டாயம். இறங்கத் திரும்பும்போது உடம்பைத் தாங்க வலது கை ஹேண்டிலைத்தான் தேடும். அங்கே இருப்பது ஆக்ஸிலரேட்டர். என்னுடைய மூன்றாவது விழுதல் அப்படித்தான். டீக்கடை வாசலில் இன்ஜினை அணைக்காமல் இடது பக்கம் திரும்பினேன். மணிக்கட்டு கொஞ்சம் முறுக்கியது, வண்டி ஒரே பாய்ச்சலாகப் போய் பெஞ்சில் மோதியது, நான் இரண்டுக்கும் நடுவில் கிடந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் அப்போதுதான் டம்ளர் வைக்க எழுந்து போயிருந்தார். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்கும். அன்றிலிருந்து சாவி என் சட்டைப் பைக்குள் போகாமல் நான் திரும்புவதே இல்லை.

கேள்வி: இருபத்தைந்து வருடம் பைக் ஓட்டியவன். விபத்தில் ஒரு கால் போன பிறகு சைடு வீல் வண்டி. சிக்னலில் நின்றால் இருக்கிற கால் தானாகக் கீழே போய்விடுகிறது. அது தப்பா? (மதுரை)

ஐயா, தப்புதான், அதுவும் ஆபத்தான தப்பு. பைக்கில் கால் ஊன்றாவிட்டால் விழுவோம். இதில் கால் ஊன்றினால், பின்னாலேயே வருகிற சைடு வீல் குதிகாலில் ஏறிவிடும். உங்களுக்கு மட்டும் வருகிற பழக்கமில்லை இது. ஹார்லி டேவிட்சன் 2009 மாடலாகக் கொண்டுவந்த ட்ரை கிளைடு மாதிரியான பெரிய மூன்று சக்கர பைக்குகளுக்கு மாறுகிற வெளிநாட்டுக்காரர்களுக்கும், வண்டி நிற்கும்வரை கால் கீழே வரக்கூடாது என்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆள் இல்லாத தெருவில் பத்தடி போவது, நிறுத்துவது, மறுபடி பத்தடி போவது என்று ஒரு வாரம் பழகுங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் உள்ளங்காலை ஃபுட்போர்டில் அழுத்துங்கள். காலைத் தூக்காதே என்று மனதுக்குச் சொன்னால் கேட்காது. அழுத்து என்றால் கேட்கும்.

கேள்வி: மகனுக்கு 24 வயது. முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வீல் சேரிலிருந்து ஸ்கூட்டருக்கு மாற முடியுமா? தூக்கி வைக்க எனக்குத் தெம்பு இல்லை. (திண்டுக்கல்)

அம்மா, முடியும். கைகளில் பலம் இருக்கும் பலர் தனியாகவே மாறிக்கொள்கிறார்கள். ஆனால் போலியோக்காரனான என் வழக்கம் அவருக்கு அப்படியே பொருந்தாது. எனக்குக் காலில் பலம்தான் இல்லை, சூடு தெரியும், வலி தெரியும். அவருக்கு அது தெரியாது.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டரில் சீட் தரையிலிருந்து சுமார் 76 செ.மீ. உயரத்தில் இருக்கும். வீல் சேரின் சீட் ஏறக்குறைய 50 செ.மீ. கிட்டத்தட்ட பத்து அங்குலம் மேலே ஏற வேண்டும், அதுதான் கஷ்டம். வீட்டு வாசலில் இடம் இருந்தால் பத்து அங்குல உயரத்துக்கு ஒரு திண்ணை மாதிரி கட்டி, அதற்குச் சரிவுப் பாதை போடுங்கள். ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்று கணக்கு; ஆக, பாதை பத்தடி நீளம் வேண்டும். திண்ணை மேல் வீல் சேரை நிறுத்தி, பக்கத்தில் ஸ்கூட்டரை ஒட்டி நிறுத்தினால் இரண்டு சீட்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இரண்டிலும் பிரேக் போட்டு, நடுவில் வழவழப்பான பலகையை வைத்து நகர்ந்துவிடலாம். நீங்கள் தூக்கவே வேண்டாம்.

அடுத்தது சூடு. வெயிலில் நின்ற ரெக்ஸின் சீட்டில் அப்படியே உட்கார்ந்தால் தோல் பொசுங்கும், அவருக்குத் தெரியாது. உட்காரும் முன் புறங்கையை சீட்டில் வைத்து பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். கை தாங்கவில்லையென்றால் ஈரத் துண்டைப் போட்டு ஆறவிட்டு, துடைத்துவிட்டு, மெத்தை வைத்து உட்காரட்டும். செருப்பு வேண்டாம், ஷூதான். ஓட்டும்போது கால் நழுவி வெளியே போனாலும் அவருக்குத் தெரியாது, அதனால் இரண்டு காலையும் ஃபுட்போர்டில் அகலமான பட்டையால் கட்டிவிட வேண்டும். ராத்திரி கண்ணாடி வைத்து தொடை, பின்புறம், குதிகால் எங்காவது சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் அம்மா.

மாறும் முறையை ஆள் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தால்தான் வரும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது 1966-இல் தொடங்கியது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், தானே விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, வீல் சேரில் உட்கார்ந்து அறுவை சிகிச்சை செய்தவர். மாறுவதே வேண்டாம் என்றால் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2021-இல் வந்த நியோபோல்ட் இருக்கிறது. அதற்கேற்ற வீல் சேருக்கு முன்னால் மாட்டினால் அதுவே மூன்று சக்கர வண்டியாகிவிடும், மணிக்கு 25 கி.மீ. வரை போகும்.

கேள்வி: மனைவியும் பின்னால் ஏறுகிறார். யார் முதலில் ஏறுவது? (கரூர்)

நீங்கள் முதலில் ஏறி, பிரேக் லீவரை அழுத்திக்கொண்டு "சரி" என்று சொன்ன பிறகு அவர். இறங்கும்போது அவர் முதலில். சைடு வீலின் மட்கார்டில் கால் வைத்து ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள், அது வெறும் தகரம். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளட்டும். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் சுற்றுகிறது.

கேள்வி: பெட்ரோல் போட ஒவ்வொரு முறையும் இறங்க வேண்டியிருக்கிறது. உதவிக்கு வருகிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். (நாகர்கோவில்)

அக்கா, சீட்டுக்கு அடியில் டேங்க் மூடி இருக்கும் வண்டியில் வேறு வழி இல்லை. அடுத்த வண்டி வாங்கும்போது மூடி வெளியே இருப்பதாகப் பாருங்கள், டி.வி.எஸ். ஜூபிடரில் அப்படி உண்டு, ஆக்டிவாவில் 2020-இல் வந்த 6ஜி முதல் உண்டு. உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ளலாம்.

அதுவரை பம்ப்பை ஒட்டி நிறுத்தாமல், ஓரமாக சமதரையில் நிறுத்தி இறங்கி, சீட்டைத் திறந்து வையுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டுவரச் சொல்லுங்கள், செய்வார்கள். கையை இழுப்பவர்களை நானும் கோபித்துக்கொள்வதில்லை. "அண்ணே, கையை விடுங்க, வண்டியோட ஹேண்டிலைப் பிடிச்சுக்குங்க, அது போதும்" என்பேன். எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் நம்மைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.