மழை லீவு, வீட்டில் வாண்டுகள்: கேளுங்கள், சொல்கிறேன்

சென்னை மடிப்பாக்கத்தில் வீட்டோடு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். ஆரம்பித்தது 2003-ல், அன்று தூளியில் ஆட்டிய பையன் இப்போது பைக்கில் வந்து வணக்கம் சொல்கிறான். ஐப்பசி பிறந்தால் போதும், "லீவு விட்டாச்சு, வீட்டில் எப்படிச் சமாளிப்பது" என்று ஆளாளுக்குக் கேட்பீர்கள். இந்தத் தடவை எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, வீடு வேளச்சேரி, பையன் படிப்பது மேடவாக்கத்தில். காலை ஆறரைக்கு எழுப்பி யூனிபார்ம் போட்டுவிட்டபின் லீவு என்கிறார்கள். சில நாள் டிவியில் சென்னைக்கு லீவு என்று ஓடுகிறது, அவன் பள்ளி மட்டும் திறந்திருக்கிறது. ஏன் இப்படி?

லீவு விடுவது மாவட்ட ஆட்சியர். வேளச்சேரி சென்னை மாவட்டம், மேடவாக்கம் செங்கல்பட்டு மாவட்டம், அதனால் உங்கள் பையனுக்குச் செங்கல்பட்டு கலெக்டர் சொல்வதுதான் கணக்கு. ஆவடிக்காரர்கள் திருவள்ளூர் கலெக்டரைப் பார்க்க வேண்டும். ராத்திரியே டிபன் பாக்ஸைக் கழுவி வையுங்கள், ஆனால் "நாளைக்கு லீவு" என்று மட்டும் குழந்தையிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டு விடியற்காலையில் பள்ளி உண்டு என்றால் அந்த அழுகையை எந்த கலெக்டர் வந்தும் நிறுத்த முடியாது.

ரெட் அலர்ட் என்றார்கள், காலையில் பார்த்தால் சுள்ளென்று வெயில். மகள் சிரிக்கிறாள், எனக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு.

உங்கள் எரிச்சல் புரிகிறது. ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ய வாய்ப்பு என்று அர்த்தம், பெய்தே தீரும் என்று யாரும் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே நகர்ந்தாலும் மழை ஆந்திராவுக்குப் போய்விடும். 2024 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? வேளச்சேரி பாலத்தின் மேல் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினோம், பயந்த அளவுக்கு வரவில்லை. எல்லோரும் கேலி செய்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கேலி செய்யவில்லை.

மூன்று வயதுப் பையன் மழையில் ஆடவேண்டும் என்று தரையில் உருள்கிறான். மாமியார், தலையில் தண்ணீர் பட்டால் சளி பிடிக்கும் என்கிறார். யார் சொல்வது சரி?

மாமியாரைப் பகைத்துக்கொண்டு நான் பதில் சொல்லப் போவதில்லை. சளி வைரஸால் வருகிறது, மழைத்தண்ணீரால் வருவதில்லை. ஆனால் ஈரத்துணியோடு காற்றில் ரொம்ப நேரம் நின்றால் குழந்தை வெடவெடத்துப் போகும், அதனால் அவர் பயத்திலும் பாதி நியாயம் உண்டு. என் வழக்கம் இதுதான்: இடி இல்லாத தூறலாகப் பார்த்து மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து நிமிடம் விடுவேன், உடனே வெந்நீரில் குளியல், தலையைத் துவட்டி உலர்ந்த துணி. இடிச் சத்தம் ஒரு தடவை காதில் விழுந்தாலும் எல்லோரும் உள்ளே, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழிந்தால்தான் மறுபடி கதவு திறக்கும். வீசிங் உள்ள பிள்ளை என்றால் மழைக்காலத்துக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தெருத் தண்ணீருக்கு மட்டும் கண்டிப்பாகத் தடை. அது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை, சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்தது, காலில் சின்னக் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் வர அதுவே போதும். தெருமுனையில் மின்வாரியப் பில்லர் பாக்ஸ் தண்ணீரில் நிற்கிறதா பாருங்கள். நின்றால் உங்கள் செருப்பும் வாசலைத் தாண்டக் கூடாது. மின்வாரியப் புகாருக்கு மின்னகம் 94987 94987, மாநகராட்சி 1913. இரண்டையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

அப்போ காகிதக் கப்பல் விட எங்கே போவது? தெருவில் விடாத கப்பல் ஒரு கப்பலா?

நல்லாக் கேட்டீர்கள், நானும் தெருவில் விட்டு வளர்ந்தவள்தான். மொட்டைமாடியில் தண்ணீர் இறங்கும் ஓட்டையைப் பழைய துணியால் லேசாக அடைத்தால் அரை மணியில் குளம் தயார். விளையாடி முடித்ததும் துணியை எடுக்க மறக்காதீர்கள், ஒரு வருடம் மறந்துபோய் மேல்வீட்டுப் பெரியவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும். செய்தித்தாள் கப்பல் சீக்கிரம் ஊறி முழுகும். பழைய நோட்டுத் தாளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு மடித்தால் நெடுநேரம் மிதக்கும். சாதாக் கப்பல் பிள்ளைகளே செய்யட்டும், கத்திக் கப்பல் தாத்தாக்களின் இலாகா. எனக்கு இன்றுவரை அது வரவில்லை, ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தாத்தாவைப் பிடித்துத்தான் காரியம் நடக்கிறது.

நானும் கணவரும் வீட்டிலிருந்தே வேலை. இரண்டு பேருக்கும் மீட்டிங். இரண்டு வயதும் ஐந்து வயதும். ஒரு வழி சொல்லுங்கள்.

மந்திரம் எதுவும் கிடையாது. மணிக்கணக்காக அவர்களை உட்கார வைக்கும் விளையாட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருவரும் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம், அதுதான் வழி. ஐந்து வயதுக்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் கொடுங்கள், பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டை போதும், 14 குழிக்கு வெட்டிக்கொள்ளலாம். நாலு சேர்ந்தால் பசு என்று ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டால் தனக்குத்தானே கூட ஆடும். இரண்டு வயது பக்கத்தில் இருந்தால் மட்டும் கொட்டை வேண்டாம், வாயில்தான் போகும். வேர்க்கடலையும் அப்படித்தான், அந்த வயதுக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. மழைக்குப் பயந்து எல்லா பக்கெட்டிலும் அண்டாவிலும் தண்ணீர் பிடித்து வைப்போம் இல்லையா, தவழும் குழந்தைக்கும் தளர்நடை போடும் குழந்தைக்கும் அரை பக்கெட் தண்ணீரே ஆபத்து. பாத்ரூம் கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் போடுங்கள். தண்ணீரை மூடி வைத்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவும் முட்டையிடாது. அது நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும்.

ஆறு வயதுப் பேத்தி ஜன்னலில் நின்றுகொண்டு "இந்தத் தண்ணி எல்லாம் எங்க போகுது தாத்தா" என்று கேட்கிறாள். பூமிக்குள்ளே என்றேன். நம்பவில்லை, அம்மா.

நம்பாதது நல்லது ஐயா, கெட்டிக்காரப் பேத்தி. நான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதைச் சொல்கிறேன். முதலில் அளக்க விடுங்கள். நேரான பக்கம், தட்டையான அடி உள்ள டப்பா ஒன்றை மாடியில் திறந்த இடத்தில் வைத்து, காலையில் ஸ்கேலால் உயரம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல், அதாவது ஒரு பெரிய தண்ணீர் லாரி நம் தலைமேல் வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறது! ஏப்ரலில் காசு கொடுத்து லாரிக்குக் காத்திருப்பதும் நாம்தான். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வைத்த குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும், அதன் பக்கத்தில் நின்று சத்தம் கேட்கச் சொல்லுங்கள். குழாய் அடைத்திருந்தால் பேத்தியே கண்டுபிடித்துவிடுவாள்.

மிச்சத் தண்ணீர் எங்கே? எங்கள் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. 2022-ல் பள்ளிக்கரணைக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து கிடைத்தது, பிள்ளைகளோடு மிட்டாய் கொடுத்துக் கொண்டாடினோம். அந்தச் சதுப்பு நிலம் முன்பு இப்போதைவிடப் பல மடங்கு பெரியது. சுருங்கியது எப்படி என்று ஒரு நாலு வயது கேட்டது, "நம்ம மாதிரி வீடு கட்டினதால" என்று உண்மையைச் சொன்னேன். "அப்போ தண்ணி அதோட வீட்டுக்குத்தான் வருதா மிஸ்" என்றது. பதில் சொல்லத் தெரியாமல் பால் ஆற்றப் போய்விட்டேன்.

டாலஸில் இருக்கும் அண்ணன் பிள்ளைகள் பனி மனிதன் செய்து படம் அனுப்பினார்கள். என் மகன் "நம்ம ஊர்ல ஏன் ஸ்னோ விழாது" என்று ஒரே பிடிவாதம்.

விழுகிறது என்று சொல்லுங்கள், மேலே. நம் மழை மேகங்களிலும் உயரத்தில் பனிக்கட்டி உண்டு, தரைக்கு வருவதற்குள் உருகி மழையாகிவிடுகிறது. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரிதான், பனி தரையில் நிற்க அது பூஜ்யத்துக்குப் பக்கத்திலாவது வரவேண்டும். மார்கழிப் பனி என்று நாம் குல்லா மாட்டிக்கொள்வது வேறு சமாச்சாரம், அது வெறும் பனித்துளி.

டாலஸிலும் பனி அபூர்வம்தான். நாலு விரற்கடை விழுந்தால் பள்ளி மூடல், ரோடு காலி, கடையில் பாலும் ரொட்டியும் காலி. புயல் வருகிறது என்றதும் நாம் ஆவின் பூத்தில் முண்டியடிக்கும் அதே கதை. என் தங்கை அங்கேதான். பிள்ளைகளுக்குக் கையுறை இல்லாமல் இரண்டு கைக்கும் சாக்ஸ் மாட்டி, மேலே பிளாஸ்டிக் பை கட்டி, கேக் தட்டில் உட்காரவைத்து சறுக்கவிட்டாளாம். ஆனால் 2021 பிப்ரவரியில் டெக்சஸில் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனபோது விளையாட்டு நின்றது, குளிரில் குழாய்கள் வெடித்தன, ஒரே அறையில் எல்லோரும் ஒரே போர்வைக்குள். போனில் அவள் அதைச் சொன்னபோது எனக்கு 2015-தான் கண்முன் வந்தது.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் அக்கா? என் பெண் இருட்டுக்குப் பயப்படுவாள்.

மிக்ஜாம் புயல் சமயத்தில், 2023 டிசம்பரில், எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, கீழ்த்தளத்தில் முட்டியளவு தண்ணீர். மேல் வீட்டில் ஏழு பேர் தங்கினோம், அதில் நாலு பிள்ளைகள். முதல் நாள் டார்ச்சை வைத்துச் சுவரில் நிழல் முயல், நிழல் நாய். இரண்டாம் நாள் தாயம். மூன்றாம் நாள் பெரியவர்களுக்கே பொறுமை போய்விட்டது, அதை மறைக்க மாட்டேன். போன் சார்ஜைப் பிள்ளைகளின் வீடியோவுக்குச் செலவழிக்காதீர்கள். மெழுகுவர்த்தி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே கொடுங்கள், சம்ப்பில் வெள்ளத் தண்ணீர் கலந்திருந்தால் சுத்தம் செய்யும்வரை மோட்டார் போடவே வேண்டாம்.

பஜ்ஜி?

உண்டு. வாழைக்காய். பிள்ளைகள் அடுப்படிக்கு வெளியே.

லீவு விட்ட நாளுக்கெல்லாம் சனிக்கிழமை வகுப்பு வைக்கிறார்கள். இது நியாயமா?

நியாயமோ இல்லையோ, வைப்பார்கள். சனிக்கிழமை காலை பாருங்கள், வானம் துடைத்துவைத்தது போல இருக்கும். டிபன் பாக்ஸை மறுபடி எடுங்கள். சரி, எனக்கும் கீழே நாலு பேர் எழுந்துவிட்டார்கள், சத்தம் கேட்கிறது.