செத்த எதிரியைக் குறிவைக்கும் டவர்

கேள்வி: கோடோ 4 என்ற கேம் என்ஜினில் டவர் டிஃபென்ஸ் கேம் (வரும் எதிரிகளை டவர்கள் சுட்டுத் தடுப்பது) ஒன்று செய்கிறேன். எதிரி செத்ததும் சில நேரம் கேம் நின்றுபோய், டவர் ஸ்கிரிப்டில் 'ப்ரீவியஸ்லி ஃப்ரீட்' (ஏற்கெனவே அழிக்கப்பட்டது) என்று எர்ரர் வருகிறது. எதிரியை உடனே அழிக்கும் ஃப்ரீயை எடுத்துவிட்டு கியூ ஃப்ரீ போட்டும் போகவில்லை. எல்லா இடத்திலும் 'இஸ் இன்ஸ்டன்ஸ் வேலிட்' (அந்தப் பொருள் இன்னும் இருக்கிறதா) சோதனை போட்டால் போதுமா?

பதில்: எர்ரர் நிற்கும், கோளாறு அப்படியே இருக்கும். கியூ ஃப்ரீ செய்வதெல்லாம் நோடை (கேமில் உள்ள ஒரு பொருள், இங்கே எதிரி) அந்த ஃபிரேம் முடியும்வரை விட்டுவைத்து அப்புறம் அழிப்பதுதான், உங்கள் டவர் 'டார்கெட்' என்ற மாறியில் அதையே பிடித்து வைத்திருப்பது அதற்குத் தெரியாது, அடுத்த ஃபிரேமில் டவர் அந்த டார்கெட்டின் பொசிஷனைக் கேட்கிறது, அங்கே யாரும் இல்லை. ஒரு டவர் மட்டும் இருந்தால் அநேகமாக இது தலைகாட்டாது, ஏனென்றால் கொன்ற டவரே அடுத்த ஆளைத் தேடிக்கொள்கிறது. இரண்டு டவர் ஒரே எதிரியைக் குறிவைத்து, ஒன்று கொன்றுவிட்டால்தான் மற்றது மாட்டும். 'சில நேரம்' வருவது அதனால்தான்.

எர்ரர் காட்டும் வரியை முறைத்துப் பார்த்துப் பயனில்லை, தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. டவர் டார்கெட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எதிரியின் இன்ஸ்டன்ஸ் ஐடியை (அதற்கு மட்டும் உரிய எண்) பிரிண்ட் செய்யுங்கள், எதிரி சாகும் ஃபங்ஷனிலும் அதையே பிரிண்ட் செய்யுங்கள். நோட் அழிந்தபின் அதன் பெயரைக்கூடக் கேட்க முடியாது, அதனால் முன்பே எழுதி வைக்க வேண்டும். கேம் நின்றதும் அவுட்புட்டைக் கீழிருந்து மேலே படித்தால், எந்த டவர் செத்த ஐடியை விடாமல் பிடித்திருந்தது என்று தெரிந்துவிடும்.

சரி, திருத்துவது எப்படி? டார்கெட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் 'ட்ரீ எக்ஸிட்டிங்' சிக்னலில் (நோட் வெளியேறும்போது வரும் அறிவிப்பு) டவரை இணைத்து, சிக்னல் வந்ததும் டார்கெட்டை நல் (காலி) ஆக்கிவிடுங்கள். டார்கெட் மாறினால் பழைய இணைப்பைத் துண்டிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் எங்கோ செத்த பழைய எதிரிக்காகப் புது டார்கெட்டை இழப்பீர்கள். வேலிட் சோதனைக்கு உரிய இடம், காத்திருக்கச் சொல்லும் அவெய்ட்டுக்குப் பின்னால்: அரை விநாடி டைமருக்குக் காத்திருந்து சுடுகிறீர்கள் என்றால், அந்த அரை விநாடியில் எதிரி போயிருக்கலாம். பலர் சோதனையை அவெய்ட்டுக்கு முன்னால் போடுகிறார்கள், அதில் பிரயோஜனமே இல்லை.

இன்னொன்று, ஒரே ஃபிரேமில் இரண்டு புல்லட் பட்டால் கியூ ஃப்ரீ இரண்டு முறை ஓடும், அதனால் கெடுதல் இல்லை, ஆனால் எதிரியைக் கொன்றதற்கான காசு இரண்டு முறை ஏறும். சாகும் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே 'இஸ் கியூட் ஃபார் டெலீஷன்' (ஏற்கெனவே அழிக்கக் குறித்தாயிற்றா) என்று கேட்டு, ஆம் என்றால் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: பாம் போட்டால் வட்டத்துக்குள் இருக்கும் எதிரிகளில் ஒன்றுவிட்டு ஒன்று தப்பித்துக்கொள்கிறதே?

பதில்: எதிரிகள் அரேயை (பட்டியலை) லூப்பில் சுற்றிக்கொண்டே அதிலிருந்து நீக்குகிறீர்கள். 2-ம் இடத்தில் இருப்பதை நீக்கியதும் 3-ல் இருந்தது 2-க்கு நகர்ந்துவிடும், லூப்போ 3-க்குப் போய்விடும், நகர்ந்து வந்தவன் தப்பிவிடுவான். அரேயை டூப்ளிகேட் செய்து அந்த நகல்மேல் லூப்பை ஓட்டுங்கள், அல்லது கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அலை முடிந்ததா என்று 'கெட் சைல்ட் கவுண்ட்' (ஒரு நோடுக்குக் கீழே உள்ள நோடுகளின் எண்ணிக்கை) வைத்துப் பார்ப்பதாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், கியூ ஃப்ரீ ஆன எதிரிகளையும் ஃபிரேம் முடியும்வரை அது சேர்த்தே எண்ணும்.