'இத்தனைக்கும்' என்றால் பூர்தான்

பிரெஞ்சு படிக்கிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, வாக்கியத்தை வாக்கியத்தோடு சேர்க்கும் சொற்களைப் பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு எதையும் தொடவில்லை. பிரெஞ்சுச் சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். அந்த மூக்கொலிகளை எப்படி எழுதினாலும் அரைகுறைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்சிங் முடித்துவிட்டு, கனடா போவதற்காக தெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். இரவு பஸ் கேட்டு மேயருக்கு ஒரு கடிதம் எழுதிப் பழகினேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 'துண்டு துண்டாக இருக்கிறது' என்று ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். எனக்குக் கைவந்தது 'ஏ' (உம்), 'மே' (ஆனால்) இரண்டும்தான். என்ன செய்வது? — வாசகி, பென்னாகரம்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நடுப்பகுதியை அப்படியே தமிழில் தருகிறேன்: "எங்கள் வேலை இரவு பத்தரைக்கு முடிகிறது. கடைசி பஸ் ஒன்பதரைக்குப் போகிறது. நாங்கள் ஆட்டோவில் போகிறோம். ஆட்டோவுக்குக் காசு அதிகம். இரவில் பயம்." உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான். ஒவ்வொரு வரியும் தனித்தனித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

இதையே உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்கள்? "வேலை முடியவே பத்தரை ஆயிடுதும்மா, கடைசி பஸ் ஒன்பதரைக்கே போயிடுறதால ஆட்டோதான் பிடிக்க வேண்டியிருக்கு." இதில் தனியாக இணைப்புச் சொல் என்று ஒன்றாவது இருக்கிறதா? 'முடியவே'யில் ஓர் ஏகாரம், 'போயிடுறதால'வில் ஓர் 'ஆல்', 'ஆட்டோதான்' என்பதில் ஒரு 'தான்'. எல்லா ஒட்டும் சொல்லின் வாலில் இருக்கிறது. பிரெஞ்சு வினைக்கு அப்படி ஒட்டும் வால் கிடையாது. நீங்கள் தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போகும்போது வாலை நறுக்கிவிட்டு வினையை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். வாலுக்குப் பதிலாகத் தனிச்சொல் ஒன்றை அங்கே வைத்தாக வேண்டும்.

வைத்துப் பார்ப்போம். "எங்கள் வேலை பத்தரைக்கு முடிகிறது. ஓர், கடைசி பஸ் ஒன்பதரைக்குப் போய்விடுகிறது. தோங்க் நாங்கள் ஆட்டோவில் போக வேண்டியிருக்கிறது. அதற்குக் காசு அதிகம். தாயோர், அந்த நேரத்தில் தனியாகப் போகவும் பயம்."

இந்த 'ஓர்' நம் பிள்ளைகள் யாரும் தொடாத சொல். இது வெறும் 'ஆனால்' இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, அதோடு மோதுகிற இன்னொரு விஷயத்தை வாதத்துக்காக முன்னால் எடுத்து வைப்பது. தமிழில் 'நிலைமை இப்படியிருக்க' என்கிற தொனி. 'ஓர்' வந்தால் பின்னாலேயே ஒரு 'தோங்க்' (ஆகவே) வரும் என்று படிப்பவர் காத்திருப்பார். 'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்று தத்துவஞானி தெகார்த் 1637-இல் எழுதினாரே, அந்த 'ஆகவே' இதே தோங்க்தான். 'தாயோர்' என்பது 'அதுவும் போக' என்று வாதத்துக்கு இன்னொரு முட்டுக் கொடுப்பது.

பி2 எழுத்துத் தேர்வுக்கு ஒரு மணி நேரம், குறைந்தது 250 சொல், மொத்தம் 25 மதிப்பெண். திருத்துகிறவர் கருத்துகள் கோவையாக இருக்கின்றனவா என்று தனியாகவே பார்ப்பார். அதற்காக 'தபோர், ஆன்ஸ்வீத், ஆன்ஃபேன்' (முதலில், பிறகு, கடைசியாக) என்று மூன்று பத்திக்கும் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். உள்ளே ஒட்டு இல்லாமல் வெளியே பொட்டு வைத்தால் உடனே தெரிந்துவிடும். 250 சொல்லுக்கு ஏழெட்டு இணைப்பு போதும் என்பது என் கணக்கு.

என் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு பயிற்சி: முதலில் வாக்கியங்களைத் தமிழிலேயே எழுதி, நடுவில் இணைப்பை மட்டும் பிரெஞ்சில் போடுங்கள், நான் மேலே செய்த மாதிரி. ஒட்டு சரியாக உட்கார்ந்துவிட்டது என்று காதுக்குத் தெரிந்த பிறகு மீதியைப் பிரெஞ்சாக்குங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்திருக்கிறேன். பார்ஸ்க, கார், ப்வீஸ்க, கொம் நான்குக்கும் கைடில் 'ஏனென்றால்' என்றே போட்டிருக்கிறது. பிறகு எதற்கு நான்கு? — மாணவர், கிருஷ்ணகிரி

தம்பி, கைடு போட்டவருக்கு அவசரம்.

ஏன் என்று யாராவது கேட்டால் பதில் 'பார்ஸ்க'. அதற்கு 'கார்' என்று பதில் ஆரம்பிக்கவே கூடாது. கார் என்பது எழுத்தில் வருவது, வாக்கியத்தின் நடுவில் உட்காருவது. (நம் கார் இல்லை. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒருவர் 'எந்த மாடல்?' என்று கேட்டுவிடுகிறார்.) பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் இணைப்புகளை மனப்பாடம் செய்ய ஒரு வரி வைத்திருக்கிறார்கள்: 'மே ஊ ஏ தோங்க் ஓர் நி கார்'. வேகமாகச் சொன்னால் 'ஆனால் ஓர்னிகார் எங்கே?' என்று யாரையோ தேடுகிற மாதிரி கேட்கும். ஓர்னிகார் என்று ஆள் யாரும் கிடையாது. ஏழு இணைப்புச் சொல்லை வரிசையாகச் சொன்னதுதான்.

'கொம்' காரணத்தை முன்னால் வைக்கும். 'மழை பெய்ததால் லீவு விட்டார்கள்' என்று நாம் காரணத்தை முதலில் சொல்கிறோம் இல்லையா, அந்த வரிசைக்குக் கொம் அப்படியே பொருந்தும். பார்ஸ்க போட்டால் லீவு முதலில், மழை பிறகு.

எனக்குப் பிடித்தது ப்வீஸ்க. கேட்கிறவருக்கும் ஏற்கெனவே தெரிந்த காரணத்துக்குத்தான் அது வரும். "நீதான் வந்துட்டியே, இந்தத் தேங்காயை உடைச்சுக் குடு" என்று என் மாமியார் சொல்வார். நான் வந்திருப்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த 'தான்... யே' இரண்டும் சேர்ந்தால் ப்வீஸ்க. அங்கே பார்ஸ்க போட்டால் நான் வந்ததே எனக்குப் புதுச்செய்தி என்கிற மாதிரி ஆகிவிடும்.

வயது எழுபத்திரண்டு. பாரிஸில் படிக்கும் பேத்தி வீடியோ காலில் பிரெஞ்சு சொல்லித்தருகிறாள். 'முட்டிவலியால் நடக்க முடியவில்லை' என்பதற்கு 'க்ராஸ் ஆ' போட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். காரணம் சொல்ல மாட்டேன் என்கிறாள். — வாசகர், அரூர்

ஐயா, 'க்ராஸ் ஆ' என்றால் 'புண்ணியத்தில்'. முட்டிவலியின் புண்ணியத்தில் நடக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். கெட்டது நடந்தால் 'ஆ கோஸ் த'.

நீங்கள் வீட்டுக்குள்தான் சிரிப்பு வாங்கினீர்கள். நான் கடல் தாண்டி வாங்கினேன். புதுச்சேரியில் பிறந்து, கல்யாணமாகிக் காவேரிப்பட்டணம் வந்த புதிதில், மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்யும் ஓர் ஆலையில் பிரெஞ்சுக் கடிதம் எழுதும் வேலை கிடைத்தது. ஒரு ஜூன் மாதம் நல்ல மழை. தோப்பிலிருந்து பெங்களூரா ரக மாங்காய் வரவில்லை, டிரம்கள் காலியாக நின்றன. மார்செய்யில் இருந்த வாடிக்கையாளருக்கு 'க்ராஸ் ஆ லா ப்ளுயி சரக்கு பத்து நாள் தாமதமாகும்' என்று அனுப்பினேன். மழையின் புண்ணியத்தில்! மறுநாள் ஒரு வரி பதில் வந்தது: 'மழைக்கு எங்கள் நன்றியையும் சொல்லிவிடுங்கள்.' முதலாளி அதை வாசித்துவிட்டு, ஆள் ரொம்ப நல்ல மாதிரி போலிருக்கிறதே என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் குத்திக்காட்டப் பிரெஞ்சுக்காரர்களும் க்ராஸ் ஆவைப் பயன்படுத்துவார்கள். 'உன் புண்ணியத்துல ரயிலை விட்டாச்சு' என்று நாம் சொல்வதில்லையா, அதே மாதிரி. பேத்தியிடம், வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன் என்று சமாளித்துப் பாருங்கள்.

'பியான் க' போட்டு ஆரம்பித்துப் பின்னால் 'மே' போட்டால் தவறு என்கிறார்களே? — வாசகி, தருமபுரி

தவறுதான். 'மழை பெய்தாலும் ஆனால் பஸ் வந்தது' என்று தமிழில் சொல்வீர்களா? 'ஆலும்' வந்த பிறகு 'ஆனால்' எதற்கு? பியான் க தான் அந்த 'ஆலும்'. ஒன்று போதும். அதன் பின்னால் வினை சப்ஜன்க்டிவ் என்ற வேறொரு வடிவத்துக்கு மாறும். 'இல் ப்ளெ' (மழை பெய்கிறது) என்பது 'பியான் கில் ப்ளெவ்' ஆகும். அந்த வடிவம் வாயில் வரவில்லையா? 'மால்க்ரே லா ப்ளுயி' (மழையிலும்) என்று பெயர்ச்சொல்லைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள். நான் பல தடவை தப்பித்திருக்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அகராதியில் 'பூர்தான்' என்பதற்கு 'இருப்பினும்' என்று இருக்கும். அதை விட்டுவிட்டு 'இத்தனைக்கும்' என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'கடன் தர மாட்டேன்னுட்டார். இத்தனைக்கும் சொந்த மாமா.' அந்த ஆதங்கம்தான் பூர்தான். இதைச் சொன்ன நாளிலிருந்து என் வகுப்பில் ஒருவரும் அதைத் தவறாகப் போட்டதில்லை.

ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரெஞ்சு டீமோடு வேலை. அவர்கள் மூச்சுக்கு மூச்சு 'த்யு கூ' என்கிறார்கள். நானும் மெயிலில் போடலாமா? 'பார் கோன்த்ர' எழுதினால் தவறு என்றும் ஒருவர் சொன்னார். — வாசகர், ஓசூர்

த்யு கூ என்பது நம் ஆபீஸ்களில் ஓடும் 'ஸோ'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அந்த அடியில்' (அடிக்கிற அடி) என்று வரும். பேச்சில் தாராளமாகப் போடுங்கள், போட்டால்தான் அவர்களோடு ஒட்டுவீர்கள். மெயிலில் 'தோங்க்' அல்லது 'ஸே பூர்க்வா' (அதனால்தான்) போடுங்கள். கண்ட இடத்திலெல்லாம் 'ஆகவே' என்ற பொருளில் த்யு கூ போடுவதை, பிரெஞ்சு மொழிக்குக் காவல் இருக்கும் பிரெஞ்சு அகாதெமி ஏற்பதில்லை.

பார் கோன்த்ர (மாறாக) கதை பழையது. அது வியாபாரிகளின் பேச்சு என்று எழுத்தாளர் வோல்த்தேர் குறை சொன்னார். அதிலிருந்து அதற்குப் பதில் 'ஆன் ரவான்ஷ்' எழுது என்று சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் வந்த எழுத்தாளர் ஆந்த்ரே ஜீத் இதற்கு ஒரு போடு போட்டார். ஆன் ரவான்ஷ் என்றால் ஒரு பக்கம் இழந்ததை மறுபக்கம் ஈடுகட்டும் பொருள் உண்டு. போருக்குப் போன அண்ணனும் கணவனும் உயிரோடு திரும்பினார்கள், 'ஆன் ரவான்ஷ்' இரண்டு மகன்களையும் இழந்தேன் என்று ஒரு பெண் சொன்னால் காது பொறுக்குமா என்று கேட்டார். எனக்கு ஜீத் கட்சிதான். பின்னால் வருவது நல்லதென்றால் ஆன் ரவான்ஷ், கெட்டதென்றால் பார் கோன்த்ர. சரக்கு லேட், ஆன் ரவான்ஷ் தள்ளுபடி உண்டு. விலை குறைவு, பார் கோன்த்ர பாதி டிரம் ஒழுகுகிறது.

'ஆன் ஃபெத்', 'ஆனெஃபே' இரண்டும் ஒன்றுதானே? — வாசகர், பாலக்கோடு

இல்லை. முதலாவது சொன்னதைத் திருத்தும், இரண்டாவது ஆமோதிக்கும். "டீச்சர், நீங்க பிறந்ததே காவேரிப்பட்டணமா?" என்று கேட்டால், "ஆன் ஃபெத், புதுச்சேரி" என்பேன். "மாம்பழ சீசன்ல நீங்க போனே எடுக்க மாட்டீங்களாமே?" என்று கேட்டால், "ஆனெஃபே."