தரங்கம்பாடி பெயரைச் சுமக்கும் குட்டிச் சிப்பி

மயிலாடுதுறை வாசகர்: தரங்கம்பாடி கடற்கரையில் சின்ன விசிறிச் சிப்பி ஒன்று கிடைத்தது. இணையத்தில் தேடினால் ‘வோலாகிளமிஸ் ட்ராங்குபேரியா’ என்று வருகிறது. இந்த ட்ராங்குபேரியா நம்ம ஊர்தானா?

சாட்சாத் அதே ஊர். 1620 முதல் 1845 வரை அங்கே இருந்த டேனிஷ்காரர்கள் வாயில் தரங்கம்பாடி ‘ட்ராங்குபார்’ ஆனது. 1791-இல் ஜெர்மன் இயற்கையியலாளர் க்மெலின் இந்தச் சிப்பிக்கு வைத்த பெயர் ‘ஆஸ்ட்ரியா ட்ராங்குபேரியா’. ஆனால் அந்த ஊரில் கிடைத்தது என்பதற்காக உங்கள் சிப்பி அதுதான் என்று சொல்லிவிட மாட்டேன். நீங்கள் அனுப்பிய படத்தில் முதுகு மட்டும்தான் தெரிகிறது. இரண்டு ஓடும் சேருகிற இடத்தின் இருபுறமும் நீட்டியிருக்கும் காதுகளையும் உட்புறத்தையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்புங்கள்.

திருவாரூர் மாணவி: பெயருக்குப் பின்னால் க்மெலின், 1791 என்பதை அடைப்புக்குறிக்குள் போடுகிறார்களே, ஏன்?

முதலில் வைத்த பேரினம் பிறகு மாறிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறை வகுத்த லின்னேயஸ், ஆளியையும் ஸ்காலப் எனும் விசிறிச் சிப்பியையும் ‘ஆஸ்ட்ரியா’ என்ற ஒரே பேரினத்தில் போட்டிருந்தார். டென்மார்க்கின் ஓ. எஃப். முல்லர் 1776-இலேயே ஸ்காலப்புகளுக்கு ‘பெக்டென்’ என்று தனிப் பேரினம் அமைத்துவிட்டார். க்மெலின் அப்போதும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருந்தார். நம்ம ட்ராங்குபேரியாவின் இன்றைய கணக்கு இது: தொகுதி மெல்லுடலிகள், வகுப்பு இருதட்டுச் சிப்பிகள், குடும்பம் பெக்டினிடே, பேரினம் வோலாகிளமிஸ். தேர்வில் பேரினப் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாகவும் சிற்றினப் பெயரைச் சிறிய எழுத்திலும் எழுத மறக்காதீர்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: வரி வரியாக இருக்கிற மட்டி ஓடும் ஸ்காலப் மாதிரியேதான் தெரிகிறது. எப்படிப் பிரிப்பது?

வரியை விட்டுவிடுங்கள், அது நிறையச் சிப்பிகளுக்கு உண்டு. ஓட்டைத் திருப்பி, இரண்டு ஓடும் சேருகிற கீலைப் பாருங்கள். அங்கே சீப்புப் பல் போலச் சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக இருந்தால் அது ஆர்க் மட்டி. ஸ்காலப்பின் கீல் பல் இல்லாத நேர்கோடு. நடுவில் முக்கோணக் குழி ஒன்று இருக்கும், ஓட்டைத் திறக்கும் கறுத்த ரப்பர் போன்ற திசு உட்காரும் இடம் அது. கீலின் இருபுறமும் காதுகள். வலது ஓட்டின் முன்காதுக்கு அடியில் ஒரு வெட்டு இருக்கும். பாறையிலோ சிப்பியிலோ ஒட்டிக்கொள்ள விடுகிற நூல்கள் அதன் வழியாகத்தான் வெளியே வரும்.

என் மேசையில் இருக்கிற ஸ்காலப் ஓடு ஒன்றை லென்ஸில் பார்க்கிறேன். வெட்டின் ஓரத்தில், மணலை விடக் கொஞ்சம் பெரிய நாலைந்து முட்கள். நூல்கள் முறுக்கிக்கொள்ளாமல் பிரித்துப் பிடிக்கும் சீப்பு இது. பெக்டினிடே குடும்பத்தின் கைரேகை என்றே சொல்லலாம். சில இனங்களில் வளர்ந்த பிறகு இது மறைந்துவிடும், அதனால் முட்கள் இல்லையென்றால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம்.

அதிராம்பட்டினம் வாசகர்: முத்துச்சிப்பிக்கும் காது இருக்கிறதே?

நல்ல கேள்வி. உள்ளே பாருங்கள். முத்துச்சிப்பி உள்ளே வானவில் பளபளப்போடு மின்னும், ஸ்காலப்பில் அது கிடையாது. இரண்டிலும் தசை ஒட்டியிருந்த பெரிய வடு ஒன்றுதான் இருக்கும், அதை வைத்துப் பிரிக்க முடியாது.

கும்பகோணம் வாசகர்: வேளாங்கண்ணியில் வாங்கிய பாக்கெட்டில் ஆரஞ்சு, ஊதா, வெள்ளை என்று மூன்று ஸ்காலப். மூன்று இனமா?

அப்படி இருக்கவேண்டியதில்லை. ஒரே இன ஸ்காலப்பில் இத்தனை நிறமும் வரும். நான் நிறத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். அப்புறம், கடையில் வாங்கியது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. சேகரிப்பு அட்டையில் வேளாங்கண்ணி என்று எழுதாதீர்கள், ‘கடையில் வாங்கியது’ என்று எழுதுங்கள்.

சீர்காழி வாசகர்: ஓட்டின் வளையங்களை எண்ணினால் வயது தெரியுமா?

மரத்தைப் போல நம்பிக்கையாக எண்ண முடியாது. வளர்ச்சி தடைபட்டால்கூட வளையம் விழும்.

வேதாரண்யம் வாசகர்: எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தேன், நிறமே போய்விட்டது.

சாறு கரைத்தது அழுக்கை மட்டுமல்ல, ஓட்டையும்தான். ஓடு சுண்ணாம்புச் சத்து, அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். வினிகரும் பாத்ரூம் ஆசிட்டும் அதே கதைதான். போன நிறம் திரும்பாது. அடுத்த முறை நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். காதுப் பக்கம் மட்டும் பிரஷை அழுத்தாதீர்கள், முதலில் உடைவது அதுதான்.